மைக்செட்காரரிடம் கேளுங்கள்

சேலம் குகையில் கடை போட்டு 38 வருடம் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து, ஆடித் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று ஊருக்குச் சத்தம் கொடுத்தே வயிறு கழுவியவன் நான். என்னிடம் வருகிற கடிதங்களில் பாதி, சத்தத்தைக் குறைக்க வழி கேட்டுத்தான் வருகின்றன. கோபமெல்லாம் இல்லை. பூட்டு விற்கிறவனிடம்தானே திறக்கவும் வழி கேட்பார்கள்.

மகள் கல்யாணத்துக்குப் புது மண்டபம் பிடித்திருக்கிறோம். போய் மைக்கில் பேசிப் பார்த்தால் கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கிறது, ஒரு வார்த்தையும் புரியவில்லை. இன்னும் நாலு பாக்ஸ் வைத்தால் சரியாகும் என்கிறார் மைக்செட்காரர். வைக்கச் சொல்லட்டுமா?
பெண்ணைப் பெற்றவர், அம்மாப்பேட்டை

வேண்டாமுங்க. நாலு பாக்ஸ் கூடினால் வாடகை கூடும், குழப்பமும் கூடும்.

மண்டபம் காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுங்கள். அது முழுக்க அடங்கும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். கிரானைட் தரை, ஆள் உயரத்துக்கு டைல்ஸ், மேலே கான்கிரீட் என்று கட்டிய மண்டபத்தில் நாலு, ஐந்து வரை போகும். பளபளப்பான கல்லும் டைல்ஸும் தங்கள் மேல் படுகிற சத்தத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் தின்னும். மிச்சத்தை எதிர்ச் சுவருக்குத் திருப்பி அனுப்பும், அது இங்கே அனுப்பும். நாமோ வினாடிக்கு நாலைந்து எழுத்து வேகத்தில் பேசுகிறோம். 'மணமக்களை' என்பதில் முதல் 'ம' அடங்குவதற்குள் அடுத்த இருபது எழுத்து அதன் முதுகில் ஏறிவிடுகிறது. நீங்கள் வால்யூமைக் கூட்டினால் வார்த்தையும் கூடும், அதன் வாலும் அதே அளவு கூடும். நிலைமை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதைக் கணக்காக்கியவர் வாலஸ் சபைன். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய பேச்சு அரங்கம் ஒன்றில் வாத்தியார் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு வார்த்தை அடங்க ஐந்தரை வினாடி. இளம் பேராசிரியராக இருந்த சபைனைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அரங்கத்தில் பரப்புவார். ஆர்கன் குழாய் ஒன்றை ஊதவிட்டு நிறுத்தி, சத்தம் சாக எத்தனை நேரம் என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார். விடிவதற்குள் மெத்தையெல்லாம் திரும்பப் போய்விடும். நாங்களும் ராத்திரி மண்டபத்திலிருந்து மண்டபத்துக்குச் சாமான் மாற்றுகிற ஆட்கள்தான், ஆனால் எங்களுக்கு ஒரு சூத்திரமும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. இடம் பெரிதாகப் பெரிதாக சத்தம் நீளும், உறிஞ்சும் பொருள் கூடக் கூடச் சுருங்கும். எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதற்கு அவர் பிடித்த அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன சத்தம் திரும்பாது என்பதால் அதற்கு முழு மதிப்பெண். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் அவர் கணக்கை வைத்துக் கட்டியதுதான்.

உங்கள் மண்டபத்துக்கு அதே கணக்கைப் போட்டேன். நூறு அடி நீளம், ஐம்பதடி அகலம், இருபதடி உயரம் என்று வைத்துக்கொண்டேன். காலியாக இருந்தால் சத்தம் அடங்க சுமார் 6 வினாடி. 500 பேர் உட்கார்ந்தால் ஒன்றரை வினாடிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒரு ஆள், அவர் உடுத்திய துணியோடு, கிட்டத்தட்ட அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். ஆகவே நீங்கள் பார்த்தது காலி மண்டபம். முகூர்த்தத்தன்று உங்கள் சொந்தபந்தமே பாதி வைத்தியம் பார்த்துவிடும்.

மீதிப் பாதிக்கு இரண்டு காரியம். பக்கச் சுவர்களில் பந்தல் துணியைக் கனமாக, மடிப்பு விழ, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடச் சொல்லுங்கள். சுவரை ஒட்டி விட்டால் பலன் குறைவு. சத்தம் என்பது காற்று முன்னும் பின்னும் அசைவது. சுவரோடு ஒட்டிய இடத்தில் காற்று அசைய முடியாது, அசையாத காற்றிலிருந்து துணி எதைப் பிடுங்கும்? அடுத்தது, மேடையில் நிற்கும் இரண்டு பெரிய பாக்ஸை அலறவிடுவதற்குப் பதில், சின்ன பாக்ஸ்களை நடுவிலும் பின்னாலும் காது உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து மெதுவாக விடச் சொல்லுங்கள். பின்னால் வைக்கிற பாக்ஸுக்கு 'டிலே' கொடுக்க, அதாவது அதன் சத்தத்தைக் கொஞ்சம் தாமதித்து விட, தெரிகிறதா என்றும் கேளுங்கள். சத்தம் ஒரு மீட்டர் போக ஆயிரத்தில் மூன்று வினாடி எடுக்கும். 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்து பாக்ஸ் முதலிலும், மேடை பாக்ஸ் பத்தில் ஒரு வினாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரம் கழித்தும் கேட்டால் அதுவே இன்னொரு எதிரொலி. டிலே என்றால் முழிக்கிற ஆளென்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டினேன். தனித்தனியாகப் போட்டால் பேஸ் (கனத்த, கீழ்ச் சுரம்) நன்றாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தால் பேஸையே காணோம். ஸ்பீக்கர் கோளாறா?
கல்லூரி மாணவர், சூரமங்கலம்

ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது தம்பி. ஒன்றில் சிவப்பு ஒயரும் கருப்பு ஒயரும் இடம் மாறியிருக்கிறது. ஒன்று காற்றை முன்னால் தள்ளுகிற நேரத்தில் இன்னொன்று பின்னால் இழுக்கிறது. நடுவில் உட்கார்ந்த உனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

எனக்கு இது அவமானப்பட்டுத் தெரிந்த பாடம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணக் கச்சேரி. தவில்காரர் வெளுத்து வாங்குகிறார். நடுப்பாதையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைக் கூப்பிட்டு, "ஏனப்பா, தவுலு என்ன தகர டப்பாவாட்டம் கேக்குது?" என்றார். நான் சுவரோரம் போய் நின்று கேட்டேன், நன்றாக இருந்தது. "நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன். "இங்க வந்து உக்காந்து பாரு" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தேன். தகர டப்பாதான்! அன்றைக்கு முழுக்க அந்த நடுப்பாதைக்காரர்களுக்குத் தவில் இல்லை.

மறுநாள் முதலாளி ஒரு பென்சில் பேட்டரியைக் கையில் கொடுத்தார். ஸ்பீக்கரின் சிவப்பு முனையில் பேட்டரியின் பிளஸ்ஸையும், கருப்பில் மைனஸையும் ஒரு கணம் தொட்டால், உள்ளே இருக்கிற காகிதக் கோன் 'டொப்' என்று வெளியே துள்ளும். ஒயர் மாறியிருந்தால் உள்ளே போகும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டுச் செய்து பார். இன்றைக்கும் என் சட்டைப் பையில் ஒரு பேட்டரி இருக்கும்.

ஒயரைச் சரிசெய்த பிறகும் அறையில் சில இடத்தில் பேஸ் கூடவும் சில இடத்தில் குறையவும் செய்யும். 100 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு நூறு தடவை அதிர்கிற சத்தத்தின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம். ஒரு ஸ்பீக்கரை விட இன்னொன்று 1.7 மீட்டர் தள்ளி இருக்கிற இடத்தில் நீ நின்றால், ஒன்றின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் சேர்ந்து வரும். நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் பார். ஸ்பீக்கரை மாற்றுவதைவிட மலிவு.

குளியலறையில் பாடினால் மட்டும் என் குரல் ஏன் நன்றாக இருக்கிறது?
வாசகர், ஆத்தூர்

ஐந்தடி இடைவெளியில் எதிரெதிராக இரண்டு டைல்ஸ் சுவர். அந்த அளவுக்குப் பொருந்துகிற சத்தம் சுமார் 114 ஹெர்ட்ஸ், ஆண்குரலின் அடித்தொண்டை கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. போகிற அலையும் வருகிற அலையும் கைகோர்த்து அந்த ஒரு சுரத்தைத் தூக்கிவிடும். உங்கள் வீட்டுக்காரம்மா வெளியே நின்று கேட்டதை விசாரித்தீர்களா?

ஏற்காட்டில் ஒரு பாறை விளிம்பில் நின்று என் மகன் கூவினான், எதிரொலி வந்தது. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி கூவினால் வரவே இல்லை. மலைமேல் காற்று மெலிசு என்பதால் சத்தம் மெதுவாகப் போகுமோ என்றும் கேட்கிறான். என்ன சொல்ல?
ஒரு தாய், அஸ்தம்பட்டி

கேட்கிற பிள்ளையைப் பாராட்டுங்கள் அம்மா. சத்தத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது காற்றின் சூடுதான், மெலிவு இல்லை. 20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டர். ஒரு டிகிரி ஏறினால் 0.6 மீட்டர் கூடும். சித்திரை வெயிலில் 38 டிகிரி கொதிக்கிற சேலத்தில் 354. ஆகவே மலையில் கொஞ்சம் மெதுவாகப் போவது வாஸ்தவம், ஆனால் அது குளிர்ச்சியால்.

எதிரொலி தனியாகக் காதில் விழ, போன சத்தம் திரும்பி வர பத்தில் ஒரு வினாடியாவது ஆக வேண்டும். அதாவது எதிரே இருப்பது 17 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். அது மொட்டைப் பாறையாகவும், நம்மைப் பார்த்து நிற்பதாகவும் இருந்தால் நல்லது. காபித் தோட்டமும் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் மூடிய சரிவென்றால், இலைகள் கொஞ்சம் உறிஞ்சும், மிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும். பையன் இரண்டாவது தடவை நின்ற இடத்துக்கு எதிரே தோட்டம் இருந்திருக்கும். இல்லையென்றால் பாறை வேறு பக்கம் திரும்பியிருக்கும். மரக்கூட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. அடிமரங்கள் கனத்த சுரத்தைவிட மெல்லிய, உயர்ந்த சுரத்தை அதிகம் சிதறவைக்கும். மரங்களிலிருந்து ஒரு பெண்ணின் குரல் ஒரு ஸ்தாயி மேலே ஏறித் திரும்பி வந்ததை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில விஞ்ஞானி ரேலி எழுதிவைத்திருக்கிறார்.

ஒரு தடவை எஸ்டேட் ஒன்றில் பொங்கல் விழாவுக்கு செட் கொண்டு போனேன். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி, 20 கொண்டை ஊசியும் ஏறி, வேன் மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தது. இரண்டு குழாய் ஸ்பீக்கரைப் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கட்டினேன், கீழ் லைன் வீடுகளுக்கும் கேட்கட்டும் என்று. பேச வந்த பெரியவர் "அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே" என்றார். ஒன்றரை வினாடி கழித்து எதிர்மலை "தோழர்களே" என்றது. அவர் நிறுத்தினார். யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, "யாரது?" என்றார். "யாரது?" என்றது மலை. கூட்டம் சிரித்து உருண்டது. ஒன்றரை வினாடியில் பாதி நேரம் போக, பாதி நேரம் வர. அப்படியானால் அந்தப் பாறை சுமார் 257 மீட்டர் தள்ளி இருந்திருக்கிறது. ஏணி போட்டு ஏறி இரண்டு குழாயையும் தோட்டப் பக்கம் திருப்பினேன். காபிச் செடி வாயைத் திறக்கவில்லை.

அடுத்த முறை போகும்போது மகனிடம் செல்போன் ஸ்டாப்வாட்சைக் கொடுங்கள். வினாடியை 343-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் பாறையின் தூரம் வந்துவிடும்.

பகலில் கேட்காத ரயில் சத்தம் விடியற்காலை நாலு மணிக்கு வீட்டு வாசலில் கேட்பது போல இருக்கிறது. ஊர் அடங்கியிருப்பதாலா?
நெத்திமேடு வாசகி

அதுவும்தான். ஆனால் பெரிய காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. பகலில் தரையோரக் காற்று சூடு, மேலே போகப் போகக் குளிர்ச்சி. சத்தம் குளிர்ந்த பக்கமாக வளையும் என்பதால் ரயிலின் கூவல் வானத்தைப் பார்த்துப் போய்விடும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும், மேலே இருப்பது சூடாக இருக்கும். அப்போது அதே கூவல் கீழ்நோக்கி வளைந்து உங்கள் வாசலில் இறங்குகிறது. மலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற நம் ஊரில் மார்கழி விடியலில் இது இன்னும் நன்றாகத் தெரியும். பாட்டுச் சத்தத்துக்கு எங்களைத் திட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி போடக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. அதை மீறுகிறவனைத் தாராளமாகத் திட்டலாம்.

வீடியோவுக்குக் குரல் பதிவு செய்ய அறை முழுக்க முட்டை அட்டை ஒட்டினேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் அப்படியே வருகிறது.
இளைஞர், கொண்டலாம்பட்டி

நாமக்கல் முட்டைக்குத்தான் அந்த அட்டை லாயக்கு. உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. அறைக்குள் உன் குரல் எதிரொலிக்காமல் இருக்க உறிஞ்சும் பொருள் வேண்டும். அது கனத்த, நுண்துளை உள்ள பொருளாக இருக்க வேண்டும். காகித அட்டை அதிலும் தேறாது. பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நிமிர்த்தி வைத்தால் தேவலை.

வெளியிலிருந்து வருவதைத் தடுக்க எடை வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது. சுவரின் எடை இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) குறையும். ஆனால் எவ்வளவு கனச் சுவர் கட்டினாலும் கதவுக்குக் கீழே ஒரு விரல் சந்து இருந்தால் காசெல்லாம் அந்தச் சந்தில் போகும். முதலில் ரப்பர் பட்டை வாங்கிக் கதவையும் ஜன்னலையும் அடை. தறியின் அதிர்ச்சி தரை வழியாகவும் வரும். அதற்குப் பக்கத்து வீட்டு அண்ணாவிடம் நல்லபடியாகப் பேசி, தறியின் கால்களுக்கு அடியில் ரப்பர் மெத்தை போடச் சொல். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் போடுவார்.

எங்கள் பட்டறையில் 8 விசைத்தறி. நாலை நிறுத்தினால் சத்தம் பாதியாகுமா? வேலை செய்கிறவர்களுக்குக் காதில் பஞ்சு வைக்கச் சொன்னால் போதுமா?
தறி உரிமையாளர், அம்மாப்பேட்டை

பாதியாகாதுங்க. நாலை நிறுத்தினால் 3 டெசிபல்தான் குறையும், கவனித்துக் கேட்டால்தான் தெரியும். காதுக்குப் பாதி என்று தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். எட்டில் ஏழை நிறுத்தி ஒன்றை மட்டும் ஓட்டினால் 9 வரும். ஆனால் அந்த 3 டெசிபலை அற்பமாக நினைக்காதீர்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், 88-இல் 4 மணி நேரம்தான், 91-இல் 2 மணி நேரம்தான் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிற கணக்கு. நாடா, அதாவது ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற கட்டை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற பட்டறைகள் 90-ஐத் தாண்டுவது சகஜம்.

என் அப்பா அம்மாப்பேட்டையில் தறி ஓட்டினவர். நாற்பது வயதிலேயே எங்கள் வீட்டில் எல்லோரும் கத்திப் பேசுவோம். கத்தினால் கேட்கிறது, ஆனால் புரியவில்லை என்பார். அம்மா 'சட்டியை எடுங்க' என்றால் பெட்டியை எடுத்துவந்து நிற்பார். கவனிக்கவில்லை என்று அம்மா சண்டை பிடிப்பாள். எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ஓயாத சத்தம் காதில் முதலில் கெடுப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கேட்கிற திறனை. 'அ', 'ஆ' போன்ற உயிரோசை எல்லாம் கீழே இருக்கிறது, அதனால் குரல் கேட்கும். ச, ட, த, ப என்று பிரித்துக் காட்டுகிற உரசலும் வெடிப்பும் மேலே இருக்கின்றன, அவை போய்விடும். சத்தம் இருக்கும், எழுத்து இருக்காது. போன அந்தத் திறன் திரும்பாது. மைக்செட் கடைக்கு ஒருநாள் வந்தவர் பாட்டைக் கேட்டுவிட்டு, "மேல் சுருதி வரலியேப்பா, செட்டு ரிப்பேரா?" என்றார். செட்டு நன்றாகத்தான் இருந்தது. நான் 'ஆமாப்பா, பாக்கணும்' என்று சொல்லிவிட்டேன்.

பஞ்சு போதாது. சாதாரணப் பஞ்சு மிகக் கொஞ்சம்தான் தடுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கிற நுரை அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையால் காதை மேல்நோக்கி இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் வீண். முதல் வாரம் ஆட்கள் சலித்துக்கொள்வார்கள். நீங்கள் முதலில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

கூரை தகரமா? சுவர் வெறும் சிமெண்டா? அப்படியானால் மண்டபத்துக்குச் சொன்னதே உங்களுக்கும். தறிகளுக்கு மேலே கனத்த கம்பளிப் பலகைகளைத் தொங்கவிட்டால் திரும்பி வருகிற சத்தம் குறையும். நேராக அடிக்கிற சத்தம் குறையாது என்பதால், தறியருகில் நிற்கிறவருக்கு அடைப்பான் கட்டாயம். தொங்கவிடுகிற பொருள் நெருப்புப் பிடிக்காததாக இருக்கட்டும், பஞ்சுத்தூசி பறக்கிற இடம்.

சத்தத்தை நீக்குகிற இயர்போன் என்கிறார்களே, அதைத் தறிக்காரர்கள் போடலாமா?
அதே அம்மாப்பேட்டையிலிருந்து இன்னொருவர்

நடுப்பாதையில் தவிலைக் காணாமல் போகச் செய்த என் தப்பைத்தான் அது வேண்டுமென்றே செய்கிறது. வெளிச் சத்தத்தைச் சின்ன மைக்கால் கேட்டு, நேர் எதிரான அலையைக் காதுக்குள் விடும். ஜெர்மானியர் பால் லூக் 1936-லேயே இந்த எதிர் அலை யோசனைக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். பஸ்ஸின் உறுமல், விமான இரைச்சல் போன்ற ஒரே சீரான கனத்த சத்தத்துக்கு அருமை. நாடா அடிக்கிற 'படார்' திடீரென்று வருவது, அதில் உயர்ந்த சுரமும் நிறைய. எதிர் அலை தயாராவதற்குள் அடி விழுந்துவிடும். பட்டறைக்கு அந்த நுரை அடைப்பானே போதும், விலையும் சில ரூபாய்தான்.

மைக் 'ஊய்' என்று கத்தினால் பேசுகிறவர் என்ன செய்ய வேண்டும்?
பள்ளி ஆசிரியை, ஓமலூர்

பாக்ஸிலிருந்து வந்த சத்தம் மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி பாக்ஸுக்குப் போய், மறுபடி மைக்குக்கு வந்து சுற்றிக்கொண்டே இருப்பதுதான் அந்த ஊளை. உடனே எல்லோரும் பயந்து மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடிப்பார்கள். தள்ளிப் பிடித்தால் உங்கள் குரல் மைக்குக்குக் குறையும், ஆபரேட்டர் வால்யூமை ஏற்றுவார், மறுபடி ஊய். கிட்டே கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், நாங்கள் அங்கே அதே அளவு இறக்கிவிடலாம். பாக்ஸுக்கு முன்னால் நடந்து போகாதீர்கள், மைக் தலையைக் கையால் பொத்தாதீர்கள். தட்டிப் பார்ப்பதும் ஊதிப் பார்ப்பதும் வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கேட்டால் பின்வரிசையிலிருந்து நான் கையைத் தூக்குவேன்.